கடைமடையின் கடவுச்சொல்

காவிரிப் படுகையில் தண்ணீரைப் பற்றிய பேச்சு இரண்டு கேள்விகளில் அடங்கிவிடும். மேட்டூரைத் திறந்தாச்சா என்பது முதல் கேள்வி. கடைமடைக்குப் போய்ச் சேர்ந்துச்சா என்பது இரண்டாவது. வழக்கமான ஜூன் 12ஆம் தேதி மேட்டூரில் மதகு தூக்கினால் மூன்று, நான்கு நாளில் தண்ணீர் கல்லணையைத் தொடும். அங்கிருந்து காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், கல்லணைக் கால்வாய் என்று பிரியும். ஆனால் கால்வாயின் கோடியில் பேராவூரணி, சேதுபாவாசத்திரம் பக்கத்து வயல்களில் அந்தத் தண்ணீர் ஏறும்வரை, பாசனம் நடந்ததாக அங்குள்ள விவசாயி ஒப்புக்கொள்ள மாட்டார். அணையில் எத்தனை அடி நிற்கிறது என்பது செய்தித்தாளுக்கு வேண்டிய கணக்கு. அவருக்கு வேண்டியது தன் மடையில் வரும் நீர்.

கணினிப் பாதுகாப்பைப் பற்றிய இந்த அத்தியாயத்தை அந்த இரண்டாவது கேள்வியோடு தொடங்க விரும்புகிறேன். நம் பணத்தையும் அடையாளத்தையும் காக்கும் அமைப்புகள் பெருநகரக் கணினி மையங்களில் உருவாகின்றன. அங்கே அவை மிக வலுவானவை. கடைமடையில் நிற்கும் கடைசி மனிதரிடம் வந்து சேரும்போது அவை என்னவாகின்றன?

ரேகை விழவில்லை

நடவுக் காலத்தில் தஞ்சை மாவட்டத்து ரேஷன் கடை ஒன்றின் வரிசையில் நின்று பாருங்கள். காலையில் நாற்றுப் பறித்து, முதுகு வளைந்து நட்டு, கை கால் கழுவிக்கொண்டு வந்த ஒரு பெண் கருவியின் கண்ணாடியில் விரலை வைப்பார். சிவப்பு விளக்கு எரியும். "ஆத்தா, கையைத் துடைச்சிட்டு இன்னொரு வாட்டி வையுங்க" என்பார் விற்பனையாளர். முந்தானையில் துடைத்து மறுபடி வைப்பார். "போன மாசம் இந்த விரல்தானே தம்பி விழுந்துச்சு?" என்பார். அடுத்த விரல், அதற்கடுத்த விரல். பின்னால் வரிசை நீளும்.

தமிழ்நாட்டில் பழைய குடும்ப அட்டைக்குப் பதிலாக 2017இல் ஸ்மார்ட் அட்டை வந்தது. 2020 அக்டோபரில் விரல்ரேகை சரிபார்ப்பு தொடங்கியது. காரணம் நியாயமானது. ஒருவருடைய அரிசியை இன்னொருவர் பேரில் எழுதி எடுத்துவிடக் கூடாது. உரியவர் வந்து நின்றால்தான் பொருள் என்ற ஏற்பாடு, உரியவரைக் காப்பாற்றத்தான் வந்தது. ஆனால் அந்த உரியவரின் விரல்தான் கருவிக்குத் தெரியவில்லை.

இது ஏன் நேர்கிறது என்பதை உடலறிவியல் சொல்லும். விரல் நுனியின் மேடு பள்ளங்கள் நாம் கருவில் இருக்கும்போதே, ஆறு மாதத்துக்குள், உருவாகிவிடுகின்றன. அவற்றின் அச்சு தோலின் ஆழத்தில் இருக்கிறது. அதனால் மேல்தோல் தேய்ந்தாலும் கைக்கு ஓய்வு கிடைத்தால் அதே ரேகை மீண்டும் வளரும். ஆனால் விவசாயக் கூலி வேலை செய்பவரின் கைக்கு ஓய்வு எங்கே? நெற்பயிர் மண்ணிலிருந்து சிலிக்காவை உறிஞ்சித் தன் இலையிலும் உமியிலும் நிறைய சேர்த்துவைக்கும் பயிர். நெல் இலை கையை அறுப்பதும், களத்தில் வேலை செய்தால் உடம்பு அரிப்பதும் அதனால்தான். நாற்றும் கதிரும் சாக்கும் மாறி மாறித் தேய்க்க, ரேகையின் மேடுகள் மழுங்குகின்றன.

சேற்றுநீர் இன்னொரு வேலை செய்கிறது. நீரில் ஊறினால் விரல் சுருங்குவது, தோல் நீரைக் குடித்து உப்புவதால் என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. உண்மையில் அது நரம்பு மண்டலத்தின் செயல். விரல்நுனியின் இரத்த நாளங்கள் குறுகுவதால் தோல் உள்வாங்கிச் சுருங்குகிறது. நரம்பு அறுபட்ட விரல் நீரில் ஊறினாலும் இப்படிச் சுருங்குவதில்லை. சுருங்கிய விரலைக் கண்ணாடியில் அழுத்தினால், பதிவின்போது எடுத்த ரேகையோடு பொருந்தாத கோடுகள் விழும். முதுமையில் தோல் வறண்டு நெகிழ்வை இழப்பதும் இதோடு சேர்ந்துகொள்ளும். ஆக, கருவி தடுமாறும் கைகள் எவை? அதிகம் உழைத்த கைகள், அதிகம் வயதான கைகள். ரேஷன் அரிசியை அதிகம் நம்பியிருப்பவையும் அவையே.

இரண்டு தவறுகள்

ஆளைச் சரிபார்க்கும் எந்த அமைப்பும் இரண்டு வகையில் தவறலாம். அந்நியரை உள்ளே விடுவது ஒன்று. உரியவரை வெளியே நிறுத்துவது மற்றொன்று. இந்த இரண்டும் ஒரே தராசின் இரு தட்டுகள். ரேகைப் பொருத்தம் நூற்றுக்கு நூறு வேண்டும் என்று கருவியை இறுக்கினால் அந்நியர் நுழைவது குறையும், உரியவர் திரும்பிப் போவது கூடும். தளர்த்தினால் நேர்மாறு. ஒரே கருவியில், ஒரே விரலில், இரண்டையும் சேர்த்துப் பூஜ்யமாக்கும் வித்தை கிடையாது.

அந்நியர் நுழைந்தால் அது திருட்டு. புகார் வரும், விசாரணை வரும், செய்தி வரும். உரியவர் திரும்பிப் போனால் எந்தப் பதிவும் இல்லை. அவர் தூக்குப் பையை மடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்துவிடுகிறார். அதனால்தான் பாதுகாப்பை வடிவமைப்பவர்கள் இறுக்கும் பக்கமே சாய்கிறார்கள். முதல் தவறுக்கு அவர்களைக் கேள்வி கேட்பார்கள், இரண்டாவது தவறுக்குக் கேட்க ஆளில்லை.

ஆதார் ஆணையம் 2012இல் வெளியிட்ட தன் கள ஆய்வில் சில எண்களைத் தந்தது. ஒருவருடைய சிறந்த ஒரு விரலை ஒரே முறை வைத்தால் 93.5 சதவீதம் பேர் தேறினார்கள். இரண்டு சிறந்த விரல்களைச் சில முறை வைக்கவிட்டால் அது 99 சதவீதத்துக்கு ஏறியது. பத்து விரலில் எது தெளிவானது என்று முன்பே கண்டறிந்து அவரிடம் சொல்லிவிடும் இந்த ஏற்பாடு நல்ல பொறியியல். கணினியின் வலுவை இம்மியும் குறைக்காமல் மனிதரின் சிரமத்தைக் குறைத்தது.

ஆனால் அந்த 99ஐக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 1,000 அட்டைகள் உள்ள ஒரு கடை என்று வைத்துக்கொள்வோம். மீதி 1 சதவீதம் என்பது 10 பேர். இந்தப் பத்துப் பேர் குலுக்கல் முறையில் மாதா மாதம் மாறுவார்களானால் ஆளுக்கு ஒருநாள் சிரமம் என்று விட்டுவிடலாம். அப்படி நடப்பதில்லை. தேய்ந்த ரேகை அடுத்த மாதமும் தேய்ந்தே இருக்கும். அதே பத்துப் பேர்தான் ஒவ்வொரு மாதமும் தோற்பார்கள். சராசரி என்ற எண் சொல்லாமல் மறைப்பது இதைத்தான். மேட்டூரில் திறந்த நீரில் 99 சதவீதம் வயல்களுக்குப் பாய்ந்தது என்றால் வெற்றிதான். ஆண்டுதோறும் காய்வது அதே ஊரின் வயல் என்றால் அந்த ஊருக்கு அது வெற்றியா?

மதகு இறுகினால் கரை உடையும்

பாசனத்தில் கண்ட ஒரு பாடம் கணினிக்கு அப்படியே பொருந்தும். வாய்க்காலின் மதகுப் பலகை துருப்பிடித்துத் தூக்க முடியாமல் போனால் விவசாயி பயிரைக் காயவிட்டு வேடிக்கை பார்க்க மாட்டார். இரவில் மண்வெட்டியோடு போய்க் கரையை வெட்டிவிடுவார். அதன்பின் அந்த மதகு எவ்வளவு உறுதியானதாக இருந்தாலும் பயனில்லை. நீர் அதைச் சுற்றிக்கொண்டு ஓடுகிறது.

ஏ.டி.எம். அட்டையின் உறைமேல் எழுதப்பட்ட பின் நம்பர் அப்படி வெட்டப்பட்ட ஒரு கரை. அலுவலகக் கணினித் திரையில் ஒட்டிய மஞ்சள் தாள், ஐந்து பேர் பகிரும் ஒரே கடவுச்சொல், "ஓடிபி வந்தா சொல்லுங்க, நானே போட்டுக்கிறேன்" என்று கேட்டு வாங்கிக்கொள்ளும் சேவை மையம் எல்லாமே கரை உடைப்புகள்தான். வெட்டியவரைக் குற்றம் சொல்வது எளிது. மதகு ஏன் தூக்க முடியாமல் இருந்தது என்று கேட்பதே அறிவியல்.

அந்தக் கேள்வி புதிதும் அல்ல. பாரிஸில் ஆசிரியராக இருந்த டச்சுக்காரர் அகுஸ்ட் கெர்க்ஹாஃப்ஸ் 1883இல் இராணுவ ரகசிய எழுத்து எப்படி இருக்க வேண்டும் என்று ஆறு விதிகளை வகுத்தார். அமைப்பின் வலு அதன் சாவியில் இருக்க வேண்டும், அமைப்பையே மறைத்துவைப்பதில் இருக்கக் கூடாது என்ற இரண்டாவது விதி உலகப் புகழ் பெற்றது. ஆறாவது விதியைப் பலர் மறந்துவிட்டார்கள். பயன்படுத்துபவருக்கு மூளையைக் கசக்கும் வேலை தராமல், நீண்ட விதிப் பட்டியலை மனப்பாடம் செய்யச் சொல்லாமல், எளிதாக இருக்க வேண்டும் என்றார் அவர். போர்க்களத்தில் பதறும் சிப்பாய் தவறாக எழுதினால் மொத்தப் படையும் அழியும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. எளிமையை அவர் வசதியாகக் கருதவில்லை, வலுவின் ஒரு பகுதியாகவே வைத்தார்.

1975இல் எம்.ஐ.டி.யின் ஜெரோம் சால்ட்சரும் மைக்கேல் ஷ்ரோடரும் கணினிப் பாதுகாப்புக்கு எழுதிய எட்டுக் கோட்பாடுகளில் ஒன்று, மனித மனம் ஏற்கும்படி அமைப்பு இருக்க வேண்டும் என்பது. இதற்குச் சோதனைச் சான்று 1999இல் கிடைத்தது. ஆல்மா விட்டனும் டக் டைகரும் மின்னஞ்சலைப் பூட்டி அனுப்பும் பிஜிபி என்ற மென்பொருளை 12 பேரிடம் கொடுத்து 90 நிமிடம் அவகாசம் தந்தார்கள். மூன்றில் ஒரு பங்கினர் மட்டுமே சரியாகச் செய்து முடித்தனர். மூன்று பேர் ரகசியத்தைப் பூட்டாமல் அப்படியே அனுப்பிவிட்டார்கள். அவர்கள் படித்தவர்கள், மின்னஞ்சலில் பழகியவர்கள். மென்பொருளின் கணிதத்தில் ஒரு குறையும் இல்லை. அதே ஆண்டு லண்டனில் ஆன் ஆடம்ஸும் ஏஞ்சலா சாஸ்ஸும் எழுதிய கட்டுரையின் தலைப்பே, பயனர் பகைவர் அல்லர் என்பதுதான்.

எட்டுப் பக்கத்தின் விலை

கடவுச்சொல்லில் பெரிய எழுத்து ஒன்று, எண் ஒன்று, குறியீடு ஒன்று வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்ற கட்டளை உங்களையும் அலைக்கழித்திருக்கும். உலகம் முழுதும் இது பரவியதில், அமெரிக்கத் தரநிலை நிறுவனமான நிஸ்டின் பில் பர் 2003இல் எழுதிய எட்டுப் பக்கப் பின்னிணைப்புக்குப் பெரும் பங்கு உண்டு. உண்மையான மனிதர்கள் எப்படிப்பட்ட கடவுச்சொல் வைக்கிறார்கள் என்ற தரவு அவரிடம் அப்போது போதிய அளவு இல்லை. பின்னாளில் திருடர்கள் வெளியிட்ட கோடிக்கணக்கான கடவுச்சொற்களை ஆராய்ந்தபோது உண்மை தெரிந்தது. மாற்றச் சொன்னால் மனிதர்கள் கடைசி 1ஐ 2 ஆக்குகிறார்கள். குறியீடு கேட்டால் முடிவில் ஒரு வியப்புக்குறி போடுகிறார்கள். இதைத் திருடனும் அறிவான்.

2017இல் நிஸ்ட் தன் விதியைத் திருத்தியது. திருட்டுப் போனதாகச் சான்று இல்லாமல் மாற்றச் சொல்லாதீர்கள், விதவிதமான குறியீடு கேட்காதீர்கள், நீளமாக வைக்கவிடுங்கள் என்றது. அதே ஆண்டு, ஓய்வுபெற்ற பர் தான் எழுதியதில் பெரும்பகுதிக்கு வருந்துவதாக வெளிப்படையாகச் சொன்னார். ஒரு பொறியாளர் இப்படிச் சொல்ல மனவலிமை வேண்டும். நம் ஊரில் பல நிறுவனங்கள் இன்னும் பழைய விதியையே பிடித்துக்கொண்டிருப்பது வருத்தத்துக்குரியது.

எதிர்ப்பக்கத்தில் ஒரு சிறிய வெற்றியைப் பாருங்கள். 1967 ஜூன் 27 அன்று லண்டனின் என்ஃபீல்டு பகுதியில் பார்க்ளேஸ் வங்கி நிறுவிய பணம் வழங்கும் இயந்திரத்தை உருவாக்கியவர், ஷில்லாங்கில் பிறந்த ஜான் ஷெப்பர்டு பாரன். ரகசிய எண்ணுக்கு ஆறு இலக்கம் வைக்க நினைத்தார். தன்னால் நான்குதான் நினைவில் வைக்க முடியும் என்று சமையலறை மேசையில் அவர் மனைவி கரோலின் சொன்னதால் நான்காக்கினார் என்பது அவரே சொன்ன கதை.

நான்கு இலக்கத்தில் 10,000 எண்களே உண்டு. கணினிக்கு அது கண் இமைக்கும் வேலை. ஆனாலும் பின் நம்பர் அரை நூற்றாண்டு தாங்கியிருக்கிறது. காரணம், மூன்று முறை தவறினால் அட்டை முடங்கும். அட்டையைத் திருடியவர் கண்மூடித்தனமாக ஊகித்து வெல்லும் வாய்ப்பு 10,000இல் மூன்று. அட்டை கையில் இருக்க வேண்டும் என்பது இன்னொரு காவல். நினைவில் வைக்கும் பாரத்தை மனிதரின் தலையிலிருந்து இறக்கி, எண்ணிக் கட்டுப்படுத்தும் பாரத்தை இயந்திரத்தின்மேல் ஏற்றினார்கள். நல்ல பாதுகாப்பு என்பதன் இலக்கணம் இதுதான்: யாரால் எந்தச் சுமையை எளிதில் தூக்க முடியுமோ அதை அவரிடம் கொடுப்பது. மனிதர் தரப்பில் மீதமிருக்கும் கடமை 1234, பிறந்த ஆண்டு ஆகியவற்றை விட்டு வேறு நான்கு இலக்கம் வைப்பது மட்டுமே.

கும்பகோணத்தில் ஓர் அச்சு இயந்திரம்

இதுவரை தனிமனிதர்களைப் பார்த்தோம். நிறுவனங்களுக்கும் இதே பாடம் உண்டு. அதற்கான உண்மை நிகழ்ச்சி படுகையின் நடுவிலேயே நடந்தது.

1904இல் கும்பகோணம் வங்கி என்ற பெயரில் தொடங்கி, இன்று சிட்டி யூனியன் வங்கி என்று அறியப்படும் நிறுவனத்தின் தலைமையகம் கும்பகோணத்தில் இருக்கிறது. நாடு விட்டு நாடு பணம் அனுப்பும் கட்டளைகளை உலக வங்கிகள் பெல்ஜியத்தைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்விஃப்ட் வலையமைப்பின் வழியே பரிமாறுகின்றன. 2018 பிப்ரவரியில் இந்த வங்கியின் கணினிக்குள் ஊடுருவியவர்கள், வங்கியே அனுப்பியதுபோல மூன்று கட்டளைகளை அனுப்பினார்கள். துபாய்க்கு ஒன்று, துருக்கிக்கு ஒன்று, சீனாவுக்கு ஒன்று. மொத்தம் ஏறத்தாழ 20 லட்சம் டாலர். துபாய்க்குப் போன 5 லட்சம் டாலர் வழியிலேயே தடுக்கப்பட்டது.

இதில் நம் கவனத்துக்கு உரியது ஓர் அச்சு இயந்திரம். ஒவ்வொரு கட்டளைக்கும் வரும் ஒப்புதல் தானாகவே காகிதத்தில் அச்சாகிவிடும். பிப்ரவரி 6 அன்று அந்த இயந்திரம் இயங்கவில்லை. ஊடுருவியவர்கள் அதைத்தான் முதலில் முடக்கியிருந்தார்கள். மறுநாள் காலை, முந்தைய நாள் கணக்கை ஒப்பிட்டுப் பார்த்த ஊழியர்கள், தாங்கள் அனுப்பாத மூன்று கட்டளைகளைக் கண்டுபிடித்தார்கள். இரண்டு ஆண்டு முன்பு, 2016 பிப்ரவரியில், வங்கதேச மத்திய வங்கியிலிருந்து சுமார் 95 கோடி டாலரைக் கடத்த முயன்று 8.1 கோடி டாலரைக் கொண்டுபோனவர்களும் இப்படித்தான் அச்சு இயந்திரத்தை ஊமையாக்கியிருந்தார்கள்.

உலகத் தரமான மறையீட்டுக் கணிதத்தைத் தாண்டி வந்த திருடர்கள் எதற்குப் பயந்தார்கள்? ஒரு காகிதத்துக்கு. எந்தச் சிறப்புப் பயிற்சியும் இல்லாமல் ஓர் எழுத்தர் கையில் எடுத்து, "இதை நாம அனுப்பலையே" என்று சொல்லக்கூடிய ஒரு தாளுக்கு. அவர்களைக் காட்டிக்கொடுத்ததும் தினமும் காலையில் வரவு செலவை ஒத்துப்பார்க்கும் பழைய பழக்கம்தான். டெல்டாவில் நகைக்கடன் வாங்காத விவசாயக் குடும்பம் குறைவு. அந்த நகைகள் இருக்கும் பெட்டகத்தை இருவரிடம் உள்ள இரு சாவிகளும் சேர்ந்தால்தான் திறக்க முடியும் என்பது அவர்களுக்கெல்லாம் தெரியும். கண்ணால் பார்க்கக்கூடிய, எல்லாருக்கும் புரியும் பாதுகாப்பு அது. புரிகிற பாதுகாப்பில்தான் குறை நேர்ந்தால் யாராவது ஒருவர் குரல் கொடுப்பார்.

அதே வங்கி 2023இல் கைபேசிச் செயலியில் குரலை அடையாளமாக வைத்து நுழையும் வசதியைக் கொண்டுவந்தது. எழுத்தை விடப் பேச்சு எளிது என்ற எண்ணத்தில் நியாயம் உண்டு. குரலையும் போலி செய்யக்கூடிய செயற்கை நுண்ணறிவு வளர்ந்துவிட்ட காலத்தில், எந்த ஒற்றை அடையாளத்தையும் தனியே நம்பாமல் கைபேசி, பின், குரல் என்று இரண்டு மூன்றைச் சேர்த்து வைப்பதே சரி.

பள்ளத்தை மூடுவதா, பலகை வைப்பதா?

யுபிஐ 2016 ஏப்ரலில் தொடங்கியது. தஞ்சாவூர் பெரிய கோயில் வாசலில் பூக்கட்டி விற்பவர்வரை அது சென்று சேர்ந்திருப்பது, எளிமையும் பாதுகாப்பும் கைகோக்க முடியும் என்பதற்கு நம் காலத்தின் பெரிய சான்று. பதிவுசெய்த கைபேசி கையில் இருக்க வேண்டும், பின் தெரிந்திருக்க வேண்டும். இரண்டு காவல், ஆனால் மனிதர் செய்யும் வேலை ஒன்றே. 2022இல் வந்த யுபிஐ லைட்டில் சிறு தொகைக்குப் பின்கூட வேண்டாம். டீக்குத் தரும் 15 ரூபாய்க்கும் நிலத்துக்குத் தரும் முன்பணத்துக்கும் ஒரே பூட்டு எதற்கு? இழப்பின் அளவுக்குத் தக்க காவல் என்ற கணக்கு அதில் இருக்கிறது.

ஆனால் அதே யுபிஐயில் ஒரு பள்ளமும் இருந்தது. பணம் அனுப்புவதைப் போலவே, பணம் கேட்டு வேண்டுகோள் அனுப்பும் வசதி. "உங்களுக்குப் பணம் வந்திருக்கு, பின் போட்டு எடுத்துக்குங்க" என்று போனில் பேசி இந்த வேண்டுகோளை அனுப்புவார்கள் மோசடிக்காரர்கள். அதை நம்பியவர் பின் போடுவார். பணம் வருவதற்குப் பதில் போகும். பல ஆண்டுகள் வங்கிகள், பணம் பெறப் பின் தேவையில்லை என்று விளம்பரம் செய்தன. எச்சரிக்கைப் பலகை வைத்தார்கள், பள்ளம் அப்படியே இருந்தது. 2025 அக்டோபர் 1 முதல் தனிநபர்களுக்கு இடையிலான இந்த வேண்டுகோள் வசதியையே, யுபிஐயை நடத்தும் தேசியக் கொடுப்பனவுக் கழகம் நிறுத்தியது. ஏமாறாதீர்கள் என்று கோடிப் பேருக்குப் பாடம் நடத்துவதைவிட, ஏமாறும் வாசலை மூடுவது மேல். வங்கி இணையதளங்கள் எல்லாம் பேங்க்.இன் என்று முடியும் முகவரிக்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி அதே ஆண்டு அக்டோபர் இறுதியைக் கெடுவாக வைத்ததும் இந்த வகை வேலைதான். போலித் தளத்தை அடையாளம் காண நூறு குறிப்புகளைப் படிக்க வேண்டியதில்லை, முகவரியின் முடிவை மட்டும் பார்த்தால் போதும்.

ஒரு வீடு, ஒரு போன்

இந்த அமைப்புகள் எல்லாம் ஒரு மனிதருக்கு ஒரு போன் என்று நினைத்துக்கொள்கின்றன. டெல்டாவின் வீடுகள் அப்படி இல்லை. ஆதாரோடு இணைத்த எண் திருப்பூரில் வேலை செய்யும் மகனிடம் இருக்கும். சிங்கப்பூர் போன பேரன் பழைய எண்ணைக் கைவிட்டிருப்பான். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிப் புத்தகம் எல்லாம் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் முதியவரிடம், போனுக்கு வந்த ஓடிபியைச் சொல்லுங்கள் என்றால் அவர் மகனுக்கு அழைக்கத்தான் வேண்டும். மகன் அங்கே மில்லில் ஷிஃப்டில் இருப்பான். வெளியே மேகம் கறுக்கும், குவித்த நெல்லில் ஈரப்பதம் ஏறும். ஓர் ஆறு இலக்க எண் தாமதமானால் அதன் விலை நெல்லின் விலை.

குடும்பத்தில் ஒருவரை நம்பிக் காரியத்தை ஒப்படைப்பது நம் வாழ்க்கை முறை. ரகசியத்தை யாரிடமும் சொல்லாதே என்று அதை ஒரு குற்றமாக்கினால் அவர்கள் சொல்லத்தான் செய்வார்கள், மறைவாகச் சொல்வார்கள். அதை முறையாக்கும் வழியே அறிவு. தமிழ்நாட்டு ரேஷன் முறையில், வர முடியாத முதியவர் தனக்காகப் பொருள் வாங்க வேறொருவரை எழுத்துமூலம் நியமிக்கலாம். ரேகை விழாதவருக்குக் கருவிழி சரிபார்ப்பும் சேர்ந்தது. 2025 ஆகஸ்ட் 12 அன்று தாயுமானவர் திட்டம் தொடங்கியபோது, 70 வயது கடந்தவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் தராசும் கருவியும் பொருளும் வண்டியில் வீட்டு வாசலுக்கே வந்தன. அப்போது 21 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இதன் பயனாளிகள். அந்த வண்டியை நலத்திட்டமாக மட்டும் நான் பார்க்கவில்லை. உரியவரைத் திருப்பி அனுப்பும் தவறுக்குச் செய்த தொழில்நுட்பத் திருத்தமாகவும் பார்க்கிறேன். ஆளைச் சரிபார்க்கிறார்கள், ஆனால் அலைச்சல் ஆளுக்கு இல்லை, கருவிக்கு.

கடைமடைச் சோதனை

பாதுகாப்பா, எளிமையா என்று தராசில் வைத்துப் பேசுவது வழக்கமாகிவிட்டது. கருவியின் உள்ளே ரேகைப் பொருத்தத்தை இறுக்கும் திருகில் அந்தத் தராசு உண்மை. அதைத் தாண்டி வெளியே வந்தால், எளிமை இல்லாத பாதுகாப்பு கரை உடைப்பில் போய் முடிகிறது, பாதுகாப்பு இல்லாத எளிமை கொள்ளையில் போய் முடிகிறது. நல்ல மதகு இரண்டையும் செய்யும். ஒரு கையால் தூக்கலாம், வெள்ளத்திலும் நிற்கும்.

ஆகவே வங்கிக்கும் அரசுக்கும் மென்பொருள் எழுதும் இளைஞர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்களில் பலர் இதே தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் ஊர்களிலிருந்து போனவர்கள். நீங்கள் செய்த அமைப்பைச் சென்னையின் குளிரூட்டிய அறையில் சோதித்ததோடு நிறுத்தாதீர்கள். நடவு நாளில் ஒரு ரேஷன் கடைக்கும், அறுவடை நாளில் ஒரு கொள்முதல் நிலையத்துக்கும் கொண்டுபோய் வையுங்கள். எத்தனை பேர் தேறினார்கள் என்பதோடு, தேறாதவர் யார், அவர் அடுத்த மாதமும் தேறவில்லையா, அவருக்கு வேறு வழி திறந்திருந்ததா என்று எழுதிவையுங்கள். அந்தக் கணக்கை மக்கள் பார்வைக்கு வையுங்கள்.

வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். பணம் வாங்குவதற்குப் பின் வேண்டியதில்லை. பின்னையும் ஓடிபியையும் போனில் கேட்கும் எவரும் வங்கியாக இருக்க முடியாது. ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல், அந்த நிமிடமே 1930 என்ற எண்ணை அழையுங்கள். பணம் ஒவ்வொரு கணக்காகத் தாண்டிப் போவதற்குள் தடுக்க முடியும். உங்கள் வீட்டுப் பெரியவரின் ரேகை விழவில்லை என்றால் அது அவர் குறையும் அல்ல, அவர் விரலின் குறையும் அல்ல. மாற்று வழியைக் கேளுங்கள், அது அவருடைய உரிமை. நமக்குச் சோறு போட்டுத் தேய்ந்த விரல் அது. அதை அடையாளம் கண்டுகொள்ள வேண்டிய கடமை இயந்திரத்தினுடையது.